பேஞ்சா, பேஞ்சிருந்தா: இடையன்குடி வழியா ஒரு ‘இஃப்’ கதை

இன்னைக்கு எபிசோட் ‘இஃப்’ பத்தி. கோடிங்ல வர்ற இஃப் இல்ல, இங்கிலீஷ் கிராமர்ல வர்ற இஃப். ஃபர்ஸ்ட் கண்டிஷனல், செகண்ட், தேர்டுன்னு டேபிள் போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்வாங்களே, அதேதான். இன்டர்வியூல அது தடுமாறுச்சுன்னா ஆளையே குறைச்சு எடை போட்டுடுறாங்க.

இதே பாடத்தைத் தலைகீழா, ஐரோப்பாக்காரங்க தமிழ்ல படிச்ச இடம் தாமிரபரணிக் கரையும் அதைச் சுத்தின ஊர்களும். 1820-ல பாளையங்கோட்டைக்கு ரேனியஸ்னு ஒரு ஜெர்மன் மிஷனரி வந்தார். 1838-ல அங்கேயே இறந்தார். நடுவுல ஆங்கிலத்தில ஒரு தமிழ் இலக்கணம் எழுதி அச்சுலயும் கொண்டு வந்துட்டார். 1841-ல கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தார், அடுத்த வருஷமே ஜி.யு.போப் சாயர்புரத்துக்கு. வந்தது பிரசங்கம் பண்ண. ஆனா மூணு பேருமே இலக்கணம் எழுதினாங்க. வேற வழியும் இல்ல, பிரசங்கமே ‘நம்பினால்’, ‘மனந்திரும்பினால்’னுதானே ஓடும்?

அந்த ‘ஆல்’ல ஒரு விசேஷம் இருக்கு. “நாளைக்கு மழை பெய்தால்.” மழை நாளைக்கு. ஆனா ‘பெய்த்’ங்கிறது இறந்தகால அடி! ‘பெய்தான்’ல இருக்கிற அதே த். நெல்லைப் பேச்சுல ‘பேஞ்சா’ன்னாலும் ‘பேஞ்சுது’ல இருக்கிற ஞ்ச்தான். நடக்காத ஒண்ணை நடந்து முடிஞ்சதா வச்சுக்கிட்டு, அதுக்கு மேல பேசுறோம். இங்கிலீஷ்ல இதுக்கு ‘இஃப் இட் ரெயின்ஸ்’, நிகழ்காலம். ஆனா ‘இஃப் ஐ வென்ட் டுமாரோ’ன்னு செகண்ட் கண்டிஷனலுக்குப் போனா அவங்களும் இறந்தகாலத்தைத்தான் எடுக்கிறாங்க.

அப்ப நமக்கு எங்க இடிக்குது? “லாட்டரி விழுந்தா வீடு வாங்குவேன்.” நிஜமாவே டிக்கெட் வாங்கினவரும் இதைத்தான் சொல்வார், சும்மா கனவு காண்றவரும் இதைத்தான் சொல்வார். இங்கிலீஷ் அந்த ரெண்டையும் பிரிச்சுக் காட்டும், தமிழ் வினை காட்டாது. தமிழ் கறாரா கோடு போடுறது வேற இடத்துல, ‘விழுந்தா’வுக்கும் ‘விழுந்திருந்தா’வுக்கும் நடுவுல.

அந்தக் கோடு எவ்வளவு கனமானதுன்னு நெல்லை, தூத்துக்குடி மக்களுக்குத் தெரியும். 2023 டிசம்பர் 17 ராத்திரி, வெள்ளத்துல செந்தூர் எக்ஸ்பிரஸை ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல நிறுத்தினாங்க. சுமார் 800 பேர் உள்ள சிக்கிக்கிட்டாங்க. முன்னாடி தண்டவாளத்துக்கு அடியில ஜல்லியே அரிச்சுப் போயிருந்துச்சு. “வண்டி நிக்காம போயிருந்தா?” இதுதான் தேர்டு கண்டிஷனல். ‘இருந்தா’, ‘இருப்பாங்க’ன்னு நம்ம வாயில தானா வர்ற அமைப்பு. அதையும் செகண்டையும் ஒரே டேபிள்ல ஒரே எடையில வச்சுச் சொல்லித் தர்றதுல எனக்கு உடன்பாடே இல்ல. தேர்டு நமக்கு ஏற்கெனவே தெரியும், செகண்டுக்குத்தான் டைம் வேணும்.

ஒரு சின்ன கிளைக்கதை. தொல்காப்பியம் சொல்ற வினையெச்ச வாய்பாடு ஒன்பதுல ‘செயின்’ இருக்கு, ‘செய்தால்’ இல்ல. நன்னூல் பட்டியலும் ‘செயின்’தான் சொல்லுது. இன்னைக்கு யாரும் “மழை பெய்யின்”னு பேசுறது இல்ல. பேச்சை ‘ஆல்’ மொத்தமா பிடிச்சுக்கிச்சு.

1856-ல லண்டன்ல வெளியான கால்டுவெல்லோட ஒப்பிலக்கணம் பண்ணினது, தமிழைப் பக்கத்து மொழிகளோட சேர்த்து வச்சுப் பார்க்கிறது. நீங்களே பண்ணிப் பாருங்க. மலையாளத்துல ‘வந்நால்’, கன்னடத்துல ‘பந்தரெ’. ரெண்டுலயும் அதே இறந்தகால அடி. பெங்களூர்ல இருக்கிறவங்க ஆபீஸ்ல செக் பண்ணிக்கலாம்.

கடைசியா ஒண்ணு. “ஊருக்கு வந்தா போன் பண்ணு”ன்னா வந்து சேர்ந்த பிறகு பண்ணணும். “வர்றேன்னா போன் பண்ணு”ன்னா கிளம்புறதுக்கு முன்னாடி. இங்கிலீஷ்ல முதல்ல சொன்னது ‘இஃப் யூ கம்’, ரெண்டாவது ‘இஃப் யூ ஆர் கமிங்’. ஸ்கூல் டேபிள்ல இந்த ரெண்டாவதுக்கு நம்பரே கிடையாது.

கால்டுவெல் சென்னையில இருந்து இடையன்குடி பக்கம் நடந்தே வந்த கதை அடுத்த எபிசோட்ல.