உணர்திறனுக்கு அப்பால்: நானோ உணரிகளை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

நானோ உணரிகளைப் பற்றிய ஆய்விதழ்களைப் புரட்டினால் ஓர் எண்ணுக்கு முதலிடம் தரப்படுவதைக் காணலாம். அது கண்டறி வரம்பு, அதாவது கருவியால் உணர முடிகிற மிகக் குறைந்த செறிவு. நானோமோலார், பிக்கோமோலார், ஃபெம்டோமோலார் என்று இந்த எண் கால் நூற்றாண்டாகக் கீழிறங்கிக்கொண்டே வருகிறது. ஆனால் உயிருணரிகளில் மிகப் பெருமளவில் விற்பனையாகும் குளுக்கோஸ் மானி அளப்பது மில்லிமோலார் செறிவை. அது ஃபெம்டோமோலாரைப் போல லட்சம் கோடி மடங்கு. ஆய்வகம் பெருமைப்படும் எண்ணுக்கும் மக்கள் கைக்கு வந்த கருவிக்கும் இடையே இத்தனை தொலைவு இருப்பது தற்செயலன்று. அளவு சுருங்கும்போது உணர்திறனைக் கூட்டும் அதே இயற்பியல், மீளும் திறனையும் நிலைப்பையும் குலைக்கிறது. ஆகவே கண்டறி வரம்பை மட்டும் வைத்து நானோ உணரியை மதிப்பிடுவது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மேற்பரப்பு தருவதும் பறிப்பதும்

ஒற்றைச் சுவர்க் கார்பன் நானோகுழாயில் எல்லா அணுக்களும் மேற்பரப்பிலேயே உள்ளன. வந்து ஒட்டும் மூலக்கூறு குழாயின் மின்கடத்துமையை நேரடியாக மாற்றிவிடும். 2000ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டின் ஹாங்ஜி டாய் குழுவினர் ‘சயின்ஸ்’ இதழில் இதைக் காட்டினர். 200 பிபிஎம் நைட்ரஜன் டை ஆக்சைடு பட்ட சில நொடிகளில் குழாயின் மின்கடத்துமை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு உயர்ந்தது. ஆனால் வாயுவை அகற்றிய பின் அறை வெப்பநிலையில் குழாய் பழைய நிலைக்குத் திரும்பச் சுமார் 12 மணி நேரம் பிடித்தது என்ற செய்தியும் அதே ஆய்வில் உண்டு. மூலக்கூறை இறுகப் பற்றுவதால் குழாய் நன்றாக உணர்கிறது. இறுகப் பற்றுவதால்தான் எளிதில் விடுவதுமில்லை. கசிவு எச்சரிக்கைக் கருவியில் இப்படிப்பட்ட உணரி இருந்தால், ஒருமுறை ஒலித்தபின் அரை நாளுக்கு அதன் சொல்லை நம்ப முடியாது.

டின் ஆக்சைடு வாயு உணரியின் கதையும் இதுவே. 1960களில் ஜப்பானின் நவோயோஷி டகுச்சி உருவாக்கிய இவ்வகை உணரி, வீடுகளில் எரிவாயுக் கசிவை அறிவிக்கப் பயன்பட்டது. படிகத்துகள்களின் விட்டம் சுமார் 6 நானோமீட்டருக்குக் கீழே போனால் உணர்திறன் செங்குத்தாக ஏறும் என்று கியூஷு பல்கலைக்கழகத்தின் நொபொரு யமசோயே குழுவினர் 1991இல் நிறுவினர். அந்த அளவில் எலக்ட்ரான் வெறுமையான புறப்படலம் துகள் முழுவதையும் நிறைத்துவிடுவதே காரணம். ஆனால் இந்த உணரி வேலை செய்ய 300 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தில் சிறு துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து வளர்கின்றன. துகள் எவ்வளவு சிறிதோ, வளரும் போக்கும் அவ்வளவு மிகுதி.

குருதியில் எதிர்ப்படும் தடைகள்

ஹார்வர்டில் சார்லஸ் லீபர் குழுவினர் 2001இல் சிலிக்கான் நானோகம்பியை உயிருணரியாக்கினர். கம்பியின்மீது பதித்த எதிர்ப்பொருளில் புரதம் வந்து ஒட்டினால், அதன் மின்னூட்டம் கம்பியின் மின்னோட்டத்தை மாற்றும். 2005க்குள் புற்றுநோய்க் குறிப்பான்களை ஃபெம்டோமோலார் அளவிலேயே உணர முடிந்தது. இந்தச் சாதனை உண்மையானது. ஆனால் அது மருத்துவமனைக்குள் நுழைய மூன்று தடைகள் குறுக்கே நிற்கின்றன.

முதலாவது உப்பு. கரைசலில் உள்ள அயனிகள் எந்த மின்னூட்டத்தையும் சூழ்ந்து மறைக்கின்றன. குருதியின் உப்புச் செறிவில் இந்த மறைப்புத் தொலைவு, அதாவது டிபை நீளம், 0.8 நானோமீட்டருக்கும் குறைவு. எதிர்ப்பொருளின் நீளமோ சுமார் 10 நானோமீட்டர். அதன் நுனியில் ஒட்டும் புரதத்தின் மின்னூட்டம் கம்பிக்குத் தெரியவே தெரியாது. எனவே மாதிரியின் உப்பை நீக்க வேண்டும், அல்லது நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும். ஏற்கெனவே அரிதான மூலக்கூறை இப்படி நீர்ப்பது கடலில் பெருங்காயம் கரைப்பதுதான்.

இரண்டாவது விரவலின் வேகம். ஒரு ஃபெம்டோமோலார் கரைசலில் ஒரு மைக்ரோலிட்டர், அதாவது ஒரு கன மில்லிமீட்டர், எடுத்தால் அதில் இருப்பவை சுமார் 600 மூலக்கூறுகளே. நடுத்தரப் புரதம் ஒன்று நீரில் தானாக ஒரு மில்லிமீட்டர் நகர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அந்த 600இல் சில, சில பத்து நானோமீட்டர் அகலமே உள்ள கம்பியைத் தேடி வந்து சேர வேண்டும். உணரியைச் சுருக்கச் சுருக்க இலக்கும் சுருங்குகிறது. ஆய்வாளர்கள் ஷீஹனும் விட்மனும் 2005இல் இதைக் கணக்கிட்டு, ஃபெம்டோமோலார் செறிவில் ஒரு நானோ உணரி போதிய மூலக்கூறுகளைப் பெற மணிக்கணக்கு, ஏன் நாள்கணக்குகூட ஆகலாம் என்று காட்டினர்.

மூன்றாவது கூட்டம். குருதிச் சீரத்தில் ஆல்புமின் என்ற புரதம் மட்டும் லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் உண்டு. தேடும் புரதம் ஒரு ஃபெம்டோமோலார் என்றால், அதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் எதிரே ஆல்புமின் பல்லாயிரம் கோடி நிற்கும். அவற்றில் மிகச் சிறு பங்கு தவறாக ஒட்டினாலும் போதும், உண்மைக் குறிகை அதில் மூழ்கிவிடும். ஆகவே இங்கே தீர்ப்பு உணர்திறனிடம் இல்லை, தேடும் மூலக்கூறை மட்டும் பிரித்தறியும் தெரிவுத்திறனிடம் இருக்கிறது.

களத்தில் நின்றவை

மக்களிடம் சென்றடைந்த நானோ கருவிகள் இந்தத் தடைகளோடு மோதவில்லை, விலகி வழி கண்டன. கர்ப்பப் பரிசோதனையிலும் கொரோனா விரைவுப் பரிசோதனையிலும் பயன்படும் தங்கத் துகள் பட்டையை எடுத்துக்கொள்வோம். 20 முதல் 40 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள் 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை வலுவாக உட்கவர்வதால் சிவப்பாகத் தெரிகிறது. தங்கக் கூழ்மத்தின் இந்த நிறத்தை ஃபாரடே 1857இலேயே ஆராய்ந்தார். சிட்ரேட் கொண்டு சீரான துகள்களைத் தயாரிக்கும் முறையை டர்கெவிச் குழுவினர் 1951இல் தந்தனர். பட்டையில் மாதிரித் துளி விழுந்ததும் நைட்ரோசெல்லுலோசின் நுண்துளைகள் அதை உறிஞ்சிச் சோதனைக் கோட்டை நோக்கி இழுக்கின்றன. மூலக்கூறு தானாக விரவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குறிகை நிறமாக இருப்பதால் மின்னூட்ட மறைப்பு அதைத் தொடுவதில்லை. கட்டுப்பாட்டுக் கோடு தோன்றாவிட்டால் சோதனை செல்லாது; தன் தோல்வியைத் தானே அறிவிக்கும் ஏற்பாடு இது. இப்பட்டையின் கண்டறி வரம்பு எந்த ஆய்விதழையும் வியக்க வைக்காது.

நானோதுளை டிஎன்ஏ வரிசையறிதலும் இதே பாடத்தைச் சொல்கிறது. பாக்டீரிய நச்சுப் புரதத்தின் துளை வழியே மரபிழையைச் செலுத்தலாம் என்று 1996இல் காட்டப்பட்டது. இழை மிக வேகமாக ஓடியதால் எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. இழையைப் பிடித்து நொடிக்குச் சில நூறு எழுத்துகள் வீதம் நகர்த்தும் நொதி துணைக்கு வந்த பிறகே அது கருவியானது. சிலிக்கான் நைட்ரைடில் துளையிடும் மாற்று வழியும் 2001இல் வந்தது. ஆனால் அணுவுக்கு அணு ஒரே மாதிரியான துளைகளைத் திரும்பத் திரும்ப உருவாக்குவது அங்கே கடினம். புரதமோ ஒவ்வொரு முறையும் ஒரே வடிவில் மடிகிறது. இந்த ஒருசீர்மையால்தான் 2015இல் கினியாவில் எபோலா வைரசின் மரபணுத்தொகுதியைக் களத்திலேயே படிக்க முடிந்தது.

ஒரு மறுப்பும் விடையும்

புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய மிகக் குறைந்த செறிவை அளந்தே ஆக வேண்டுமே என்று கேட்கலாம். தேவை மெய்தான். ஆனால் அந்தத் தேவையை நிறைவேற்றிய வழி எது என்பதைப் பார்க்க வேண்டும். டேவிட் வால்ட்டும் உடனுழைத்தோரும் 2010இல் வெளியிட்ட முறையில், 2.7 மைக்ரோமீட்டர் காந்த மணிகள் லட்சக்கணக்கில் மாதிரிக்குள் கலக்கப்பட்டு இலக்குப் புரதத்தைத் தேடிப் பிடிக்கின்றன. பின் மணிகள் 50 ஃபெம்டோலிட்டர் குழிகளில் ஒவ்வொன்றாக அமர, புரதத்தைப் பிடித்த மணி இருப்பதால் ஒளிரும் குழிகள் எண்ணப்படுகின்றன. உணரியை மேலும் சுருக்கியதால் கிடைத்த வெற்றியன்று இது. பிடிக்கும் பரப்பை மாதிரி முழுவதும் பரப்பியதாலும், உப்பைப் பொருட்படுத்தாத ஒளிக்குறிகையை நம்பியதாலும் கிடைத்தது.

இதிலிருந்து ஆய்விதழ்களும் ஆய்வேடுகளை மதிப்பிடுவோரும் ஏற்க வேண்டிய நடைமுறை ஒன்று உண்டு. கண்டறி வரம்போடு வேறு நான்கு செய்திகளும் கேட்கப்பட வேண்டும்: நீர்க்கச் செய்யாத குருதிச் சீரத்திலோ ஈரக் காற்றிலோ கிடைத்த முடிவு, ஒரே முறையில் செய்த பல உணரிகளுக்கிடையே உள்ள வேறுபாடு, எதுவும் படாதபோது உணரி காட்டும் அடிப்படை அளவு வாரக்கணக்கில் எவ்வளவு நகர்கிறது என்பது, பழைய நிலைக்குத் திரும்பும் நேரம். சிறந்த ஒரே ஒரு கருவியின் வரைபடத்தைக் காட்டுவதற்குப் பதிலாக, செய்த எல்லாக் கருவிகளின் பரவலையும் காட்டச் சொல்ல வேண்டும். அப்படிக் கேட்டால் வெளியாகும் கட்டுரைகள் குறையலாம். ஆனால் வெளியானவற்றை நம்பி ஒரு பொறியாளர் கருவி வடிக்க முடியும்.