பால்கனியில் ஒரு தீவு மரம்

உங்கள் பால்கனியிலோ எதிர்வீட்டு வாசலிலோ அடுக்கடுக்காகக் கிளை விரித்து நிற்கும் அந்தத் தொட்டிச் செடியை, நர்சரிக்காரர் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று சொல்லித்தான் விற்றிருப்பார். பெயரைக் கேட்டதும் பனியும் குளிரும் நினைவுக்கு வர, வெயில் படாத ஹால் மூலையில், ஏசிக்கு நேர் கீழே அதை வைத்துவிடுகிறோம். சில மாதங்களில் கீழ்க்கிளைகள் பழுத்து உதிர்கின்றன. “நம்ம ஊர் வெயில் இதுக்கு ஒத்துக்கல” என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். வெயிலின் மேல் பழி போடும் முன், இந்த மரம் வந்த கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

இதன் இனப்பெயர் அரகேரியா. ஊசியிலை மரம்தான், ஆனால் ஐரோப்பியர் கிறிஸ்துமஸுக்கு அலங்கரிக்கும் ஸ்புரூஸ், ஃபர் மரங்களுக்கு இது தூரத்து உறவு மட்டுமே. அவை குளிர்நாட்டு மரங்கள். இது தென் பசிபிக் தீவுகளில், உப்புக்காற்று வீசும் கடலோரத்தில் வளர்ந்தது.

1774 செப்டம்பரில் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் ‘ரெசல்யூஷன்’ கப்பல் நியூ கலிடோனியா கரையோரமாகப் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் உயரமான தூண்கள் கூட்டமாகத் தெரிந்தன. கப்பலில் இருந்த இயற்கை ஆய்வாளர்கள் அவை கல்தூண்கள் என்று சாதித்தார்கள். குக் மரங்கள் என்றார். நெருங்கிப் பார்த்தபோது குக் சொன்னதுதான் சரி. இருந்தாலும் அந்த மரத்தின் தாவரவியல் பெயரில் ‘கொலும்னாரிஸ்’, அதாவது ‘தூண் போன்றது’ என்பது நிலைத்துவிட்டது. (நம் மாமல்லபுரத்தில் கதை தலைகீழ். அங்கே ஐந்து ரதங்களில் கல்லையே மரக் கட்டுமானம் போலச் செதுக்கி வைத்தார்கள் பல்லவச் சிற்பிகள்.)

அடுத்த மாதமே குக் நார்ஃபோக் தீவைக் கண்டார். அங்கும் இதே இனத்தில் இன்னொரு வகை, நெடுநெடுவென்று நின்றது. கப்பலுக்குப் பாய்மரம் ஆகும் என்று நம்பினார்கள். 1788இல் ஆங்கிலேயர் அந்தத் தீவில் குடியேறியதற்கு இதுவும் ஒரு காரணம். வெட்டிப் பார்த்தால் கட்டையில் போதிய உறுதி இல்லை. பாய்மர ஆசை அதோடு போயிற்று. அழகுச்செடியாக மட்டும் மரம் உலகம் சுற்றக் கிளம்பியது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இதைக் கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்தார்கள். உறைபனி பட்டால் செத்துவிடும் என்பதுதான் காரணம். ‘இன்டோர் பிளான்ட்’ என்ற முத்திரை அப்படி விழுந்தது. உறைபனியே இல்லாத செங்கல்பட்டிலும் அதே முத்திரையை நம்பி நாம் இருட்டில் வைக்கிறோம்!

அதற்காக மே மாத உச்சிவெயிலில் இளஞ்செடியைத் தூக்கி வைத்துவிடாதீர்கள். நார்ஃபோக் தீவில் வெப்பம் 30 டிகிரியைத் தொடுவதே அபூர்வம். நியூ கலிடோனியா அதைவிட வெப்பமான ஊர். வெப்ப நாடுகளில் ‘நார்ஃபோக் பைன்’ என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி உண்மையில் குக் கண்ட அந்தத் தூண் மரம்தான். காலை வெயில் விழும் கிழக்குப் பால்கனி இதற்கு உத்தமம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை இதற்கு ஊற்றாதீர்கள். உப்புக்காற்றைத் தாங்கும் என்பதால் தொட்டி மண்ணில் உப்புச் சேரலாம் என்று அர்த்தமில்லை.

வெளிநாட்டு மரம் என்கிறோம், ஆனால் சிங்கப்பெருமாள்கோவிலில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை உங்களுக்குத் தெரியும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த அந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் களிக்கல் படிவுகளை 19ஆம் நூற்றாண்டிலேயே நிலவியல் துறையினர் ஆராய்ந்தார்கள். பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் அவர்களில் ஒருவர். கிடைத்த தாவரப் புதைபடிவங்களை ஃபைஸ்ட்மாண்டல் 1879இல் விவரித்தார். அவற்றில் அரகேரியாவின் பழைய உறவுகளும் உண்டு. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய காலம் அது. கடல் அங்கே வரை வந்துபோனதற்குக் கிளிஞ்சல் படிவங்கள் சாட்சி. நம் பக்கத்தில் அந்தக் குடும்பம் அற்றுப்போனது, ஆஸ்திரேலியப் பக்கம் தப்பியது. 1994இல் சிட்னிக்கு மேற்கே ஒரு பள்ளத்தாக்கில் கண்டுபிடிக்கப்பட்ட வொல்லமி பைன் இதே குடும்பம்தான். காட்டில் முதிர்ந்த மரங்கள் நூறுகூட இல்லை. அதைக் காக்கும் வழியாகவே கன்றுகளைப் பெருக்கி, 2005 முதல் வீட்டுத் தோட்டங்களுக்கு விற்றார்கள்.

(நம் கடலோரச் சவுக்கையும் சிலர் ஊசியிலை மரம் என்பார்கள். இல்லை, அது பூக்கும் மரம். ரயில் எஞ்சினுக்கு விறகாக அந்தக் காலத்தில் ஏராளமாக நட்டது.)

தொட்டியில் பெரிதாகிவிட்டது, வளாகத்துத் தோட்டத்தில் நடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கார் நிறுத்தும் தளத்தின் கூரைமேல் போட்ட மண்ணில் வேண்டவே வேண்டாம். தாயகத்தில் 50 மீட்டரைத் தாண்டும் மரம் இது. வர்தா புயல் 2016 டிசம்பரில் என்ன செய்தது என்று நாம் பார்த்தவர்கள். உயரம் குறையட்டும் என்று நுனியை வெட்டுவதும் சரியல்ல. வெட்டினால் அழகான கூம்பு வடிவம் கெட்டுவிடும். உதிர்ந்த கீழ்க்கிளை மீண்டும் துளிர்ப்பதும் இல்லை.

நிஜமான தரையில் இடம் இருந்தால், அதன் தெற்குப் பக்கம் எட்ட வரை கட்டிடமோ மின்கம்பியோ இல்லையா என்று பாருங்கள். ஐந்து கண்டங்களில் 256 தூண் மரங்களை அளந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இவை சராசரியாக 8 டிகிரிக்கும் மேல் பூமத்திய ரேகைப் பக்கமாகச் சாய்ந்து வளர்கின்றன. நமக்கு அது தெற்கு.