வரி அடையாள எண்கள்: புதிய வணிகருக்கு

வரி செலுத்துவோரை அரசு இனங்காணத் தரும் எண்ணே வரி அடையாள எண். தியாகராய நகரில் துணிக்கடை வைப்பவருக்கும் மயிலாப்பூரில் மெஸ் நடத்துபவருக்கும் முதலில் வேண்டியது பான். வருமான வரித் துறை தரும் இந்தப் பத்து இட எண்ணில் நான்காம் எழுத்துதான் முக்கியம். ‘பி’ என்றால் தனிநபர், ‘எஃப்’ கூட்டு நிறுவனம், ‘சி’ கம்பெனி. ஒருவரே நடத்தும் கடைக்குத் தனி பான் கிடையாது, உரிமையாளரின் சொந்த பானே கடைக்கும்.

சரக்கு மற்றும் சேவை வரிக்கான ஜிஎஸ்டி எண்ணுக்குள் பான் அப்படியே அடங்கியிருக்கிறது. 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான். அதனால்தான், அடையாறில் தனியாகப் பேக்கரி தொடங்கியவர் பிறகு தம்பியைப் பங்குதாரராகச் சேர்த்தால், நிறுவனத்துக்குப் புது பான், அதோடு புது ஜிஎஸ்டி எண் இரண்டும் எடுக்க வேண்டிவரும். பழைய பதிவில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை ஐடிசி-02 படிவம் வழியாக மாற்ற வேண்டும். பில் புத்தகமும் வங்கிக் கணக்கும் மாறும். யார் பெயரில், எந்த வடிவில் தொழில் என்பதை முன்பே பேசி முடித்துவிட்டால் இத்தனை அலைச்சல் இல்லை.

பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சேவைக்கு வரம்பு 20 லட்சம். மெஸ் சேவைக் கணக்கில்தான் வரும், இதைப் பலர் கவனிப்பதில்லை. வாடகைக் கடை என்றால் ஒப்பந்தமும், கட்டட உரிமையாளர் பெயரிலுள்ள மின்கட்டண ரசீதோ சொத்துவரி ரசீதோ ஒன்றும் கையில் இருக்க வேண்டும். பதிவு கிடைத்ததும் எண்ணைக் கடை வாசல் பெயர்ப்பலகையில் எழுதுவது விதி.

விற்பனை வரி சென்னைக்குப் புதிதல்ல. 1939-இல் ராஜாஜியின் சென்னை மாகாண அரசுதான் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்ட வேறு வழி வேண்டியிருந்தது. 2007-இல் மதிப்புக் கூட்டு வரியான வாட் வந்தது. அப்போதைய 11 இலக்க டின் எண்ணும் 33 என்றே தொடங்கியது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி.

சம்பளத்திலோ ஒப்பந்தக்காரருக்குத் தரும் தொகையிலோ வரி பிடிக்கும் நிலை வந்தால், வரி பிடிப்பவருக்கான டான் எண் எடுக்க வேண்டும். சென்னையில் தரப்படும் டான் ‘சிஎச்இ’ என்று தொடங்கும்.

சரக்கு வாங்கும்போது, மொத்த வியாபாரியின் ஜிஎஸ்டி எண்ணை அரசின் ஜிஎஸ்டி தளத்தில் தட்டிப் பார்ப்பது நல்லது. பதிவு ரத்தாகியிருந்தால், அந்த பில்லில் கட்டிய வரிக்கு வரவு கிடைப்பது சிக்கலாகிவிடும்.