கூத்துப் பந்தலும் கோயில் வரியும்: ஜவ்வாது மலை வட்டாரக் கிறிஸ்தவர்களின் கேளிக்கைத் தேர்வு, ஒரு வரலாற்று நோக்கு

ஜவ்வாது மலையும் அதன் அடிவாரமான போளூர், செங்கம், திருப்பத்தூர், ஆலங்காயம் பகுதிகளும் பழைய வடாற்காட்டின் கூத்து மரபுக்கு உட்பட்டவை. இந்த வட்டாரத்தில் தெருக்கூத்து, சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் பொழுதுபோக்காக வளரவில்லை. திரௌபதியம்மன் திருவிழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து என்று பல நாள் நடந்து, படுகளத்திலும் தீமிதியிலும் போய் முடியும். இறந்தவர் நற்கதி அடைய வேண்டி, காரியம் நடக்கும் வீட்டில் கர்ண மோட்சம் ஆடுவதும் உண்டு. செலவுக்கு ஊர் வரி வசூலிக்கும். பறைக்கும் மேளத்துக்கும் உரிய சாதியார் தம் முறைப்படி வந்து நிற்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்குள் வாழ்ந்த ஒரு குடும்பம் கிறிஸ்தவ மறையைத் தழுவியபோது, எழுந்த முதல் கேள்வி கதை நல்லதா கெட்டதா என்பதன்று. வரி கொடுக்கலாமா, பறை அடிக்கலாமா, பந்தலில் போய் உட்காரலாமா என்பவையே முதலில் எழுந்தன. தமிழ்க் கிறிஸ்தவத்தில் கேளிக்கையைப் பற்றிய விவாதம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்விகளைச் சுற்றியே நடந்தது. தனி மனிதரின் ரசனை அதில் மெதுவாகத்தான் இடம் பிடித்தது.

இதற்கு மிகப் பழைய முன்மாதிரி உண்டு. சிலைகளுக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா என்று கொரிந்து சபையார் கேட்டதற்குப் பவுல் விரிவாக விடை எழுதினார். உணவு தன்னளவில் தீட்டன்று, ஆனால் பலவீனமான சகோதரன் அதனால் இடறக்கூடாது என்பது அவர் நிலை. கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் கி.பி. 200 வாக்கில் காட்சிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். ரோமானிய அரங்கமும் தேரோட்டமும் விலக்கத்தக்கவை என்பதற்கு அவர் காட்டிய முதன்மையான காரணம், அவை தெய்வங்களுக்கு நேர்ந்த விழாக்களாக இருந்ததே. ஆபாசமும் வன்முறையும் அவருக்கு அடுத்தபடிதான். வடாற்காட்டின் நிலைமை அவருக்கு அந்நியமாகத் தோன்றியிராது.

தமிழ்நாட்டில் இதைச் சட்டமாக எழுதியது 1704ஆம் ஆண்டின் ஆணை. திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த துர்னோன், மலபார் சடங்குகள் என்று பெயர் பெற்ற சர்ச்சையில் இயேசு சபையாரின் பல நடைமுறைகளைத் தடை செய்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, திருநீறு ஆகியவற்றோடு, பாடகரும் மேளகாரரும் குழலூதுவோரும் பிற சமயத் திருவிழாக்களில் வாசிப்பதும் அத்தடையில் அடங்கியது. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இதை மீண்டும் உறுதி செய்தார்.

ஆணை எழுதியவர்களின் கண்ணுக்கு இது தெளிவான வழிபாட்டு விலக்காகவே பட்டிருக்கும். ஊரில் அது வேறு விதமாக இறங்கியது. கோயிலில் பறை அடிப்பது கலைஞன் விரும்பி ஏற்ற தொழிலன்று. பிறப்பால் வந்த ஊழியம். அதை ஒட்டியே மானியமும் களத்து மேட்டில் அளக்கும் தானியப் பங்கும் கிடைத்தன. கொட்ட மறுப்பவன் விசுவாசத்தைக் காத்துக்கொள்ளலாம், ஆனால் பங்கை இழப்பான். எந்தக் கேளிக்கையை விடுவது என்ற கேள்வி, எந்த வருமானத்தை விடுவது என்ற கேள்வியாக மாறியது. இந்த விலையைப் பற்றிச் சமய இலக்கியம் அதிகம் பேசவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

சீர்திருத்த சபைகளில் சண்டை வேறு இடத்தில் வெடித்தது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் காலத்தில் புகழ் பெற்றவர். குறவஞ்சி என்னும் நாடக வடிவத்தை எடுத்து அவர் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். மக்கள் ரசித்த வடிவத்தை விலக்காமல் அதன் பொருளை மாற்றுவது அவர் வழி. 1820களில் வந்த புதிய மிஷனரிகளோ சபையில் தமிழ்க் கீர்த்தனைகளையும், விசேஷங்களில் பூ அணிவதையும் குறைக்க முயன்றனர். சாஸ்திரியார் அதைக் கடுமையாக எதிர்த்தார். ஆனால் அதே எதிர்ப்பில் அவர் சாதி வேற்றுமையைக் காக்கவும் வாதாடினார். பாட்டைக் காத்தவர் சாதியையும் காக்க முனைந்தார். சாதியை எதிர்த்தவர்கள் பாட்டையும் சந்தேகித்தனர். இதில் ஒரு தரப்பை மட்டும் முற்போக்கு என்று பிரித்தெடுப்பது கடினம். 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் கீர்த்தனைகளை அச்சேற்றிய பிறகு அவை சபைகளில் நிலைபெற்றன.

அதே 1853இல் மிஷனரிகளான ஸ்கட்டர் குடும்பத்தார் அமெரிக்க ஆற்காடு மிஷனைத் தொடங்கினர். கத்தோலிக்கர் தரப்பில், 1876–78 தாது வருடப் பஞ்சத்தை ஒட்டிய ஆண்டுகளில், சேத்துப்பட்டை மையமாகக் கொண்டு பிரெஞ்சுக் குருவான தார்ராஸ் பெருந்தொகையானோருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். மறை தழுவியோரில் பெரும்பாலோர் பறையர் சமூகத்தினர். பல சேரிகளில் மதமாற்றம் என்பது செத்த மாட்டிறைச்சியையும் இழவுப் பறையையும் கைவிடுவதாகவே பொருள் கொள்ளப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் மிஷன் ஓர் இசை மரபை அழித்ததாகத் தோன்றும். பறையைக் கீழே வைத்தவர்களில் பலருக்கு அது கலையை இழப்பதாகப் படவில்லை. கூப்பிட்ட வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டிய கட்டாயத்திலிருந்து கிடைத்த விடுதலையாகவே பட்டது. பிற்காலத்தில் பறையை மீட்டவர்கள் இந்த நினைவோடும் போராட வேண்டியிருந்தது.

தடை போட்டால் அந்த இடத்தில் ஒன்றை வைக்க வேண்டும் என்பதை 20ஆம் நூற்றாண்டு உணர்ந்தது. ஈரோட்டில் பணிபுரிந்த எச்.ஏ. பாப்லி கதாகாலட்சேபத்தையும் பஜனையையும் நற்செய்திப் பணிக்குப் பயன்படுத்தினார். இந்திய இசை பற்றி 1921இல் நூலும் வெளியிட்டார். அதே ஆண்டு திருப்பத்தூரில், மலையின் அடிவாரத்திலேயே, சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினர். திராவிடக் கட்டடப் பாணியில் எழுந்த அதன் ஆலயமும், எளிய ஆசிரம வாழ்வும், தமிழ் மரபை அந்நியமாகப் பார்க்க வேண்டியதில்லை என்று காட்டின.

அதே திருப்பத்தூரில் சலேசிய சபைத் துறவியர் 1951இல் தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கினர். மறு ஆண்டு உருவான வேலூர் மறைமாவட்டம் அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. இவர்களின் தந்தையான தொன் போஸ்கோ, விளையாட்டு, இசை, நாடகம் ஆகியவற்றைக் கல்வியின் கருவிகள் என்று 1877இல் எழுதியவர். இல்ல அரங்குக்குத் தனி விதிகளும் வகுத்தவர். கேளிக்கையைச் சலுகையாகக் கருதாமல் கடமையாகவே கருதிய ஒரு சபை இந்த வட்டாரத்துக்கு வாய்த்தது தற்செயலானதுதான். ஆனால் விடுதி மேடை, பந்து மைதானம், பாண்டு வாத்தியம் என்று பழகிய தலைமுறைக்கு, சபை சம்மதித்த மகிழ்ச்சி என்று ஒன்று உண்டு என்பது முதன்முறையாகத் தெரிந்தது.

சினிமா வந்தபோது கேள்வியின் வடிவமே மாறியது. டூரிங் டாக்கீஸில் எந்தத் தெய்வமும் விழாத் தலைவராக இல்லை. சீட்டு வாங்கியவன் தன் காசில் பார்த்தான். ஆகவே விலக்குக்கான காரணம் வழிபாட்டிலிருந்து ஒழுக்கத்துக்கு நகர்ந்தது. 1936இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் திரைப்படம் குறித்துத் தனிச் சுற்றுமடல் விடுத்தார். 1963 டிசம்பர் 4இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணை, பார்ப்பவர்களும் கேட்பவர்களும் வாசிப்பவர்களும் தாமே ஆய்ந்து தேர்வு செய்ய வேண்டிய கடமையைச் சுட்டியது. பட்டியலிட்டு விலக்குவதிலிருந்து மனச்சான்றைப் பழக்குவதை நோக்கிக் கத்தோலிக்கச் சிந்தனை நகர்ந்தது இப்படித்தான்.

பெந்தெகொஸ்தே சபைகளில் இந்த நகர்வு நேரவில்லை. நகை, சினிமா, கூத்து, புகையிலை எல்லாம் ஒரே வரிசையில் உலக ஆசைகளாக எண்ணப்பட்டன. ஆனாலும் முழு விலக்கு நீடிக்கவில்லை. அதைத் தளர்த்தியது ரசனையல்ல, நற்செய்திப் பணி. 1970இல் சீஷெல்ஸ் தீவிலிருந்து ஃபீபா என்ற கிறிஸ்தவ வானொலி ஒலிபரப்பத் தொடங்கியது. 1978இல் தெலுங்கில் வந்த கருணாமயுடு, 1979இல் வந்த இயேசு ஆகிய படங்கள் பல மொழிகளில் ஊர் ஊராகத் திரையிடப்பட்டன. சினிமாக் கொட்டகைக்குப் போகாதவர்கள் வாழ்ந்த ஊர்களுக்கே புரொஜெக்டர் வேனில் வந்து சேர்ந்தது. அப்போது தீயது திரை அல்ல, திரையில் ஓடுவதுதான் என்று சொல்லாமலே ஒப்புக்கொள்ளப்பட்டது.

இதற்கிடையே பறையும் ஆலயத்துக்குள் நுழைந்தது. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005), பரட்டை என்ற பெயரில், கர்நாடக இசை சார்ந்த கீர்த்தனையை விட நாட்டுப்புற இசையே தலித் கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழி என்று வாதிட்டுப் பாடல்கள் இயற்றினார். கத்தோலிக்கர் தரப்பில் திருச்சியின் கலைக்காவிரி, நடனத்தையும் இசையையும் கற்பிக்கும் கல்விநிலையமாகவே வளர்ந்தது.

ஜவ்வாது மலையின் மேல் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடையே கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர். அடிவாரத் தலித் கிறிஸ்தவரிலிருந்து அவர்கள் ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகிறார்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியினர் கிறிஸ்தவராக மாறினால் அந்தத் தகுதியை இழப்பர். பழங்குடியினருக்கு அத்தகைய சமயக் கட்டுப்பாடு இல்லை. எனவே மலையில் சட்டத்தை விட ஊர்க்கட்டே வலிமையானது. சிறிய ஊரில் எல்லா வீடும் உறவு. அம்மன் விழாவுக்கு வரி கொடுக்காத வீடு தண்ணீருக்கும் சாவுக்கும் அதே ஊரைத்தான் நாட வேண்டும். இங்கே கூத்துப் பந்தலை விட்டு விலகுவது பங்காளிகளை விட்டு விலகுவதற்குச் சமம். அரசு ஜமுனாமரத்தூரில் நடத்தும் கோடை விழா இந்தச் சிக்கலுக்கு வெளியே நிற்பது. அதில் மேடை மாவட்ட நிர்வாகத்துடையது. வரி இல்லை, முறை இல்லை, எந்த மறையினரும் போய் நிற்கலாம்.

கைப்பேசி வந்த பின் மலையிலும் அடிவாரத்திலும் பார்ப்பது தனிச் செயலாகிவிட்டது. ஊர் வரியும் பந்தலும் இல்லாத இடத்தில் 1704இன் ஆணைக்கோ ஊர்க்கட்டுக்கோ பிடிமானம் குறைவு. சபைகளில் இன்று வாதம் நடப்பது பெரும்பாலும் வேறொன்றைப் பற்றி: கிறிஸ்துமஸ் கலைநிகழ்ச்சியில் பிள்ளைகள் சினிமா மெட்டில் ஆடலாமா என்பதே அது. மெட்டை எடுத்துப் பொருளை மாற்றலாம் என்போரும், மெட்டோடு காட்சியும் நினைவுக்கு வரும் என்போரும் ஒரே சபையின் ஒரே குழுக் கூட்டத்தில் எதிரெதிரே உட்காருகிறார்கள். பெரும்பாலும் நிகழ்ச்சி நாளுக்கு முந்தைய வாரத்தில், ஒத்திகை பார்த்த போதகரின் முடிவுப்படிதான் அது தீர்கிறது.