கருங்கடற் கரையில் பெயர் மாறிய மனிதர்கள்

சோவியத் அணியைச் சேர்ந்த நாடுகளுக்கு உயர்கல்விக்காகச் சென்ற இலங்கையர்களைப் பற்றிப் பேசும்போது மொஸ்கோவின் லுமும்பா பல்கலைக்கழகம்தான் பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றது. பல்கேரியாவுக்குச் சென்றவர்களை எவரும் அவ்வளவாக நினைவுகூருவதில்லை. பால்கன் குடாநாட்டில், கருங்கடலின் மேற்குக் கரையில் அமைந்த சிறிய நாடு அது. அந்நாட்டின் கடற்கரை நகரமான வர்ணாவில் ஆறு ஆண்டுகள் மருத்துவம் பயின்ற என் பாடசாலைத் தோழர் ஒருவரின் அனுபவங்களையும், அவை நிகழ்ந்த காலத்தின் வரலாற்றையும் இங்கு பதிவு செய்ய விரும்புகின்றேன்.

நண்பர் வடமராட்சியின் கரையோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றிருந்தும், தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் நிலவிய அக்காலத்தில் சில புள்ளிகளால் மருத்துவபீட அனுமதியை இழந்தார். புலமைப்பரிசில் ஒன்று கிடைத்து 1987 செப்டெம்பரில் கொழும்பிலிருந்து புறப்பட்டார். அடுத்த மாதமே குடாநாட்டில் இந்தியப் படையினருடன் போர் மூண்டது. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் வரலாறு பயின்றேன். அந்த ஆண்டுகளில் அவர் எனக்கு எழுதிய இருபத்தேழு கடிதங்கள் இன்றும் என்னிடம் உள்ளன. இக்கட்டுரைக்கான மூலப்பொருளில் பாதி அவைதான்.

மொழியும் தலையசைப்பும்

முதல் ஓராண்டு தலைநகர் சோபியாவில் மொழிப்பயிற்சி. பல்கேரிய மொழி சிரிலிக் எழுத்தில் எழுதப்படுவது. இன்றைய வழக்கில் முப்பது எழுத்துகள். இந்த எழுத்து ரஷ்யாவிலிருந்து வந்தது என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கின்றோம். உண்மை வேறு. 9ஆம் நூற்றாண்டில் சிரில், மெதோடியஸ் என்ற சகோதரர்கள் சிலாவிய மொழிக்கென முதலில் ஓர் எழுத்துமுறையை உருவாக்கினர். அவர்களுடைய மாணவர்கள் 886இல் பல்கேரியாவில் அடைக்கலம் பெற்றனர். அதன் பின்னரே அந்நாட்டின் கல்விக்கூடங்களில் சிரிலிக் எழுத்து உருப்பெற்று, பின்னாளில் ரஷ்யாவுக்குச் சென்றது. ஒவ்வோராண்டும் மே 24ஆம் திகதி பல்கேரியர்கள் எழுத்துக்கும் கல்விக்கும் விழா எடுக்கின்றனர். பள்ளிப் பிள்ளைகள் பூக்களுடன் ஊர்வலம் போவதைப் பார்த்த நண்பர், "எழுத்துக்குத் திருவிழா எடுக்கும் சனங்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றேன்" என்று எழுதினார்.

தமிழருக்கு அந்த மொழியில் ஓர் அனுகூலம் உண்டு என்றும் அவர் குறிப்பிட்டிருந்தார். பிற நாட்டு மாணவர்கள் திணறிய ஓர் உயிரொலி, நமது குற்றியலுகரத்துக்கு மிக நெருங்கியது. இன்னொரு அனுகூலம் தலையசைப்பு. பல்கேரியர்கள் 'ஆம்' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவர். 'இல்லை' என்பதற்கு மேலும் கீழும் அசைப்பர். அரபு நாட்டவரும் ஆபிரிக்கரும் மாதக்கணக்கில் குழம்பிய இடத்தில், நம்மூரவர் பக்கவாட்டில் தலையாட்டியபடியே தப்பித்துக்கொண்டார்.

1988 இலையுதிர் காலத்தில் இரவு ரயிலில் வர்ணா போய்ச் சேர்ந்தார். 1961இல் தொடங்கப்பட்ட உயர் மருத்துவ நிறுவனம் (இன்றைய மருத்துவப் பல்கலைக்கழகம்) அவரை ஏற்றுக்கொண்டது. பரீட்சைகளிற் பல வாய்மொழிப் பரீட்சைகள். மேசைமீது கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும் சீட்டுகளில் ஒன்றை மாணவர் எடுக்க வேண்டும். அதில் உள்ள வினாவுக்குப் பேராசிரியர் முன்னிலையில் விடை சொல்ல வேண்டும். அதியுயர் புள்ளி ஆறு. இரண்டு பெற்றால் சித்தியில்லை. எழுத்துப் பரீட்சையில் பழகி வந்த யாழ்ப்பாணத்து மாணவருக்கு, அந்நிய மொழியில் உடற்கூற்றை வாயால் ஒப்புவிப்பது முதலிரு ஆண்டுகள் பெரும் சோதனையாக இருந்தது.

கடல் அவருக்கு ஆறுதலும் ஏமாற்றமும் அளித்தது. கருங்கடலின் மேற்பரப்பு நீரில் உப்பு, பெருங்கடல் நீரில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். வற்றும் பெருக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. பருத்தித்துறைக் கடலைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது உயிரில்லாத நீராகத் தோன்றியது. ஆழத்தைப் பொறுத்தவரை அது வெறும் உவமையுமன்று. ஏறத்தாழ 200 மீற்றருக்குக் கீழே ஒட்சிசன் இல்லாமையால் மீன்கள் அங்கே வாழ்வதில்லை.

பெயர்களின் நகரம்

வர்ணா என்ற பெயர் நமக்கு 'வர்ணம்' என்ற சொல்லை நினைவூட்டும். இரண்டுக்கும் இடையே தொடர்பு எதுவும் இல்லை. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் மிலேற்றஸ் நகரக் கிரேக்கர்கள் அவ்விடத்தில் குடியேறியபோது அதன் பெயர் ஒடெசோஸ். கி.பி. 681 சார்ந்த நிகழ்வுகளைக் கூறுமிடத்தில் பைசாந்திய வரலாற்றாசிரியர் தியோபானிஸ் வர்ணா என்ற பெயரைக் குறிப்பிடுகின்றார். 1444 நவம்பர் 10ஆம் திகதி, போலந்துக்கும் ஹங்கேரிக்கும் மன்னராக இருந்த இருபது வயது விளாடிஸ்லாவ், ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் முராத்தின் படையை எதிர்த்து இந்நகருக்கு அருகே போரிட்டு மாண்டார். போலந்து வரலாறு அவரை இன்றும் 'வர்ணாவின்' விளாடிஸ்லாவ் என்றே அழைக்கின்றது. அவர் உயிரைக் கொடுத்த ஊரின் பெயர் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது.

1949இல் பல்கேரிய கொம்யூனிஸ்ட் அரசு நகரின் பெயரை 'ஸ்டாலின்' என மாற்றியது. 1956இல் பழைய பெயர் திரும்பியது. வடக்கே உள்ள டோப்ரிச் நகரத்துக்குச் சோவியத் தளபதி டோல்புகினின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. அது தன் பெயரை மீளப்பெற 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நகரின் அருங்காட்சியகத்தில் உலகின் மிகத் தொன்மையான பொற்குவியல்களில் ஒன்று உள்ளது. 1972இல் அகழி தோண்டிய இயந்திர இயக்குநர் ஒருவரின் கண்ணிற்பட்ட பொருள்கள், ஆறாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் பழைமையான இடுகாட்டைக் காட்டிக்கொடுத்தன. ஏறத்தாழ 300 கல்லறைகள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொற்பொருள்கள். மொத்த நிறை சுமார் ஆறு கிலோ. அவற்றுள் மிகச் செல்வந்தரான மனிதர் 43ஆம் இலக்கக் கல்லறையில் கிடந்தவர். எழுத்துத் தோன்றாத காலம் என்பதால் அவருடைய பெயர் என்றுமே தெரியவராது. சில கல்லறைகளில் உடலே இல்லை. பொருள்கள் மட்டும் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. உடல் கிடைக்காதவர்களுக்கும் உறவினர் கல்லறை செய்திருக்கின்றனர் எனக் கருத இடமுண்டு. 1990க்குப் பின்னர் எனக்குக் கிடைத்த கடிதம் ஒன்றில் நண்பர் அந்த வெறுங்கல்லறைகளைப் பற்றி மட்டும் இரண்டு பக்கங்கள் எழுதியிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நமது ஊரில் காணாமற்போனோரின் தாய்மாருக்கு அந்த வசதிகூட அப்போது இருக்கவில்லை.

பறிக்கப்பட்ட பெயர்கள்

நண்பர் வர்ணாவுக்கு வந்த காலம் சியோல் ஒலிம்பிக் நடைபெற்ற காலம். துருக்கி சார்பில் பாரந்தூக்குதலில் தங்கம் வென்ற நயீம் சுலைமானொக்லு, 147 சென்றிமீற்றர் உயரமே உடைய குள்ளமான வீரர். அவர் பிறந்தது துருக்கியில் அல்ல. பல்கேரியாவின் கர்ஜாலிப் பகுதியில். அவருக்கு அரசு நவும் ஷலமானொவ் என்று வேறு பெயர் சூட்டியது. 1986 டிசெம்பரில் மெல்பேர்ணுக்குப் போட்டிக்குச் சென்ற இடத்தில் அவர் தப்பித் துருக்கியை அடைந்தார். விடுதியில் நண்பர் அவருடைய பெயரை வாய்விட்டுச் சொன்னபோது அறையில் திடீரென அமைதி நிலவியதாம்.

அந்த அமைதியின் காரணம் பின்னர் தெரியவந்தது. 1984 டிசெம்பரிலிருந்து சில மாதங்களுக்குள் பல்கேரியாவின் துருக்கிய சிறுபான்மையினர் எட்டு இலட்சம் பேரளவில் தமது பெயர்களைக் கைவிட நிர்ப்பந்திக்கப்பட்டனர். படையினர் கிராமங்களைச் சூழ்ந்தனர்; அலுவலர் பட்டியலை நீட்டினர்; அதிலிருந்து ஒரு பல்கேரியப் பெயரைத் தெரிவுசெய்ய வேண்டும். மறுத்தவர்களுட் பலர் சிறைக்கும் முகாமுக்கும் சென்றனர், சிலர் கொல்லப்பட்டனர். பொதுவிடங்களில் துருக்கிய மொழி பேசுவது தடைசெய்யப்பட்டது. இறந்துபோன பெற்றோரின் பெயர்கள்கூடப் பதிவேடுகளில் மாற்றப்பட்டன. இதற்கு அரசு சூட்டிய பெயர் 'மறுமலர்ச்சி இயக்கம்'.

நண்பருடைய வகுப்பில் அத்தகைய மாணவர் ஒருவர் இருந்தார். கடற்கரைப் பூங்காவில் ஒருநாள் மாலை, சுற்றிலும் எவருமில்லை என்று உறுதிசெய்த பின்னரே தன் இயற்பெயரை அவர் கூறினாராம். தன் பேச்சில் ஒருபோதும் அதை உச்சரிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாராம்.

இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்வை விவரிப்பது கடினம். நாமும் பெயரால் துன்புற்றவர்கள். 1983 ஜூலையில் பெயரைக் கேட்டே ஆளைத் தெரிந்துகொண்டனர். சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையின் பெயரே நமது குற்றப்பத்திரிகை. நண்பர் எழுதினார்: "நம்மைப் பெயருக்காகப் பிடிக்கின்றார்கள். இங்கே பெயரையே பிடித்துக்கொண்டுபோய் விட்டார்கள்." நமது மண்ணிலும் ஆட்களின் பெயரை விட்டாலும் ஊர்களின் பெயரை விட்டுவைக்கவில்லை என்பதையும் இங்கு சொல்ல வேண்டும். நண்பர் வர்ணாவில் அடியெடுத்து வைத்த அதே 1988ஆம் ஆண்டிலேயே மணலாறு 'வெலிஓயா' ஆனது.

1989 மே மாதத்தில் துருக்கிய கிராமங்களில் ஆர்ப்பாட்டங்கள் வெடித்தன. மே 29ஆம் திகதி ஆட்சித்தலைவர் தோதோர் ஷிவ்கொவ் தொலைக்காட்சியில் தோன்றி, துருக்கி தன் எல்லையைத் திறக்க வேண்டும் என்று அறைகூவல் விடுத்தார். ஓகஸ்ட் பிற்பகுதியில் எல்லை மூடப்படும்வரை மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் கார்களிலும் ரயில்களிலும் கையில் அகப்பட்டதுடன் வெளியேறினர். அரசு ஆவணங்களில் அவர்கள் உல்லாசப் பயணிகள். எனவே மக்கள் அதைப் 'பெரும் சுற்றுலா' என்றனர். அறுவடை வயல்களில் ஆளில்லாமற் போயிற்று. வகுப்புத் தோழரின் பெற்றோரும் சென்றனர். அவர் மட்டும் படிப்பை விட மனமின்றி இலையுதிர் காலத்தில் திரும்பி வந்தார்.

1989 நவம்பர் 10ஆம் திகதி ஷிவ்கொவ் பதவி இழந்தார். முப்பத்தைந்து ஆண்டு ஆட்சி ஒரு கட்சிக் கூட்டத்தில் முடிந்தது. வர்ணாப் போரின் 545ஆவது ஆண்டு நிறைவும் அதே நாளில்தான் என்பது ஒரு தற்செயல். டிசெம்பர் 29இல் கட்சித் தலைமை பெயர்மாற்றக் கொள்கையைக் கைவிட்டது. 1990 மார்ச்சில் பெயர்களை மீளப்பெறுவதற்கான சட்டம் நிறைவேறியது. வகுப்புத் தோழர் தன் மாணவர் புள்ளிப் புத்தகத்தில் பெயரைத் திருத்துவித்துக்கொண்டு வந்து அன்றிரவு விடுதியில் எல்லோரையும் தன் சொந்தப் பெயர் சொல்லி அழைக்கச் செய்தாராம்.

வரிசைகளும் விளக்குகளும்

சுதந்திரத்துடன் பஞ்சமும் வந்தது. 1990-91 குளிர்காலத்தில் கடைகளின் தட்டுகள் வெறுமையாயின. சீனிக்கும் எண்ணெய்க்கும் பால்கட்டிக்கும் கூப்பன், முறைவைத்து மின்வெட்டு. 1991 பெப்ரவரியில் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டபோது நண்பரின் உதவித்தொகை சில வாரங்களில் கரைந்தது. "எழுபதுகளில் அம்மா என்னைச் சங்கக்கடை வரிசையில் நிறுத்திவிட்டுப் போவா. அந்தப் பயிற்சி இங்கே உதவுகின்றது" என எழுதினார். அந்தக் கடிதம் என் கைக்குக் கிடைத்தபோது யாழ்ப்பாணத்தில் முறைவைத்தோ வைக்காமலோ மின்சாரமே இல்லை. ஜாம் போத்தலில் சில துளி மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் அதைப் படித்தேன்.

இலையுதிர் காலத்தில் வீட்டுக்கு வீடு சுடப்படும் சிவந்த குடைமிளகாயின் மணமும், நமது தயிரைப் போன்ற புளித்த தயிருமே அவரைக் காப்பாற்றின. விடுதிக் காவலாளியான முதிய பெண்மணி வாரந்தோறும் ஒரு போத்தல் தயிர் கொடுத்து உதவினார், விலை வாங்கவில்லை.

1994இல் நண்பர் பட்டம் பெற்றார். திரும்பிச் செல்ல ஊரில் வீடில்லை. இப்போது மேற்குலக நாடொன்றில் மருத்துவராக இருக்கின்றார். வகுப்புத் தோழரும் வர்ணாவை அண்டிய ஊரொன்றில் மருத்துவர்.

2007இல் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தபோது சிரிலிக், ஒன்றியத்தின் மூன்றாவது அதிகாரபூர்வ எழுத்தானது. 2012 ஜனவரியில் பல்கேரியப் பாராளுமன்றம் அந்தப் பலவந்தப் பெயர்மாற்றத்தைக் கண்டித்து, 1989 வெளியேற்றத்தை இனச்சுத்திகரிப்பின் ஒரு வடிவம் எனப் பிரகடனம் செய்தது. அதற்குப் பொறுப்பானவர்கள் எவரும் அக்குற்றத்துக்காகத் தண்டனை பெறவில்லை. பெரும்பான்மை இனத்தவரே நிறைந்த ஒரு சபை தன் அரசின் தவறைத் தன் வாயால் ஒப்புக்கொள்ள இருபத்திரண்டு ஆண்டுகள் பிடித்தன. தாமதமே; எனினும் ஒப்புக்கொண்டது. நமது நாட்டின் பாராளுமன்றம் 1983 பற்றி அத்தகைய பிரகடனம் ஒன்றை நிறைவேற்றினால் இறந்தவர்கள் எழுந்துவரப் போவதில்லை. ஆனால் உயிரோடிருப்பவர்கள் தமது பெயரைச் சுற்றுமுற்றும் பார்க்காமல் சொல்லப் பழகுவார்கள்.