வெளியே போக வழி எங்கே?

பத்ம வியூகத்துக்குள் நுழையத் தெரிந்து, வெளியே வரத் தெரியாமல் மாண்டவன் அபிமன்யு. கைக்கடிகாரத்துக்குள் கம்ப்யூட்டரைத் திணித்தவர்களுக்கும் இதே சங்கடம் வந்தது என்றால் சிரிப்பீர்கள். நிஜம்தான்!

கொஞ்சம் பின்னால் போவோம். 1965-ல் இங்கிலாந்தில், மால்வெர்ன் ராடார் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஈ.ஏ.ஜான்சன், விரலால் தொட்டு இயக்கும் திரை பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். விமானப் போக்குவரத்தைக் கண்காணிப்பவர்களுக்கான யோசனை அது. 1984-ல் கேஸியோ அந்தத் தொடுதலை மணிக்கட்டுக்கே கொண்டுவந்தது. ஏடி-550 வாட்ச்சின் கண்ணாடி மேல் விரலால் '7' என்று எழுதினால் புரிந்துகொண்டு கணக்குப் போடும். வெறும் கணக்குதான், அதனால் வம்பில்லை.

வம்பு 2014-ல் வந்தது. கூகுளின் 'ஆண்ட்ராய்டு வேர்' வாட்ச்சுகள் கடைக்கு வந்த வருஷம். அதில் ஒன்றான எல்ஜி ஜி வாட்ச்சின் திரை 1.65 அங்குலம். பக்கவாட்டில் ஒரு பட்டன்கூடக் கிடையாது. திரையிலேயே 'மூடு' என்று ஒரு பட்டன் வரையலாமென்றால், இருக்கிற இடத்தையெல்லாம் அது அடைத்துக்கொள்ளும். மிச்சத்தை நம் விரல் மறைத்துவிடும். எனவே ஒரு விதி செய்தார்கள்: இடமிருந்து வலமாக ஒரு இழுப்பு, ஆப் மூடிக்கொள்ளும்.

அழகான ஏற்பாடு. ஆனால் மேப்? மேற்கே என்ன தெரு இருக்கிறது என்று பார்க்க நாம் செய்வதும் அதே இழுப்புதானே! விரல் சொல்வது 'நகரு' என்றா, 'ஓடிப்போ' என்றா... பாவம், வாட்ச்சுக்கு எப்படித் தெரியும்?

கூகுள் ஒரு வழி சொன்னது. இந்த மாதிரி ஆப்களில் இழுப்பை நிறுத்திவிடுங்கள்; விரலை அழுத்திப் பிடித்தால் வெளியேறும் பட்டன் தோன்றட்டும். முதல் தடவையே இதை எழுதிக் காட்டிவிடுங்கள். சரி, படித்தவர் மறந்துவிட்டால்? அபிமன்யு கதைதான்!

2015-ல் வந்த ஆப்பிள் வாட்ச்சில், தாத்தா காலத்துச் சாவித் திருகு பக்கவாட்டில் மறுபடி முளைத்தது. அமுக்கினால் ஆப்பை விட்டு வெளியே வந்துவிடலாம். 2016-ல் நீச்சலுக்கும் ஏற்ற மாடல் வந்தது. தண்ணீரும் விரல் மாதிரியே திரையைத் தொட்டுத் தொல்லை செய்யும் என்பதால், திரையைப் பூட்ட வசதி வைத்தார்கள். பூட்டைத் திறக்க? அதே திருகைத்தான் திருகவேண்டியிருந்தது. 2017-ல் ஆண்ட்ராய்டு வேர் 2.0 வந்தபோது கூகுளும் பக்கவாட்டு பட்டனிடமே சரணடைந்தது.

தொடுதிரை எத்தனை புத்திசாலியானாலும், கண்ணை மூடிக்கொண்டு தடவினால் கையில் தட்டுப்படுகிற ஒரு கதவு வேண்டும். அபிமன்யுவுக்கு அது அமையவில்லை!