போர்க்கால அடுப்படி – 9: மேசைக்கு அடியில்

மணமகள் கத்தியைக் கையில் எடுத்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன்.

1941-ஆம் ஆண்டு, கோடைக்காலம். கிழக்கு லண்டனில் ஒரு தேவாலயத்தை ஒட்டிய சின்ன மண்டபம். மேசை நடுவில் வெள்ளை வெளேரென்று மூன்றடுக்குக் கேக். அடுக்குக்கு அடுக்கு தூண்கள், விளிம்பெல்லாம் ரோஜாக்கள், உச்சியில் இரண்டு மணிகள். வந்தவர்களால் கண்ணை எடுக்க முடியவில்லை. “ஐசிங் போடக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டு ஒரு வருஷம் ஆகிறதே, இவர்களுக்கு மட்டும் சர்க்கரை எங்கிருந்து கிடைத்தது?” என்று பின்வரிசையில் கிசுகிசுத்தார்கள்.

கத்தி கேக்கின் பக்கத்தில் போனது, புகைப்படக்காரர் படம் எடுத்தார், அவ்வளவுதான். மணமகளின் தாய் முன்னால் வந்து, பஞ்சாரத்தைத் தூக்குவதுபோல அந்த மூன்று அடுக்கையும் இரண்டு கைகளால் தூக்கித் தரையில் வைத்தாள். அட்டை! தூண், ரோஜா, மணி எல்லாம் சாந்தில் வார்த்தவை. பேக்கரியில் வாடகைக்கு எடுத்த கூடு; மாலைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், மறுநாள் வேறொரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். அது இருந்த இடத்தில் ஒரு தட்டும், அதில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கேக்கும் மிஞ்சின. நாற்பது பேர் அதைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு வாய்.

அட்டைக் கூடு அந்தத் தாய்க்கு அவமானமாகப் படவில்லை. அந்த நாட்களில் ஊரெல்லாம் அதுதான் வழக்கம். 1940 ஆகஸ்ட் முதல், சுட்ட கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சு போடுவது சட்டப்படி குற்றம். அவளைச் சுட்டது மறுநாள் நடந்தது. கேக்குக்கு வெண்ணெய் போதவில்லை. யாரோ சொன்னார்கள் என்று மருந்துக்கடையிலிருந்து லிக்விட் பாரஃபின் வாங்கிக் கலந்திருந்தாள். பார்வைக்கு எண்ணெய் மாதிரியே இருக்கும், வாடை கிடையாது, ரேஷனும் கிடையாது. ஆனால் அது மலமிளக்கி மருந்து. உடம்பில் ஒட்டாமல் அப்படியே வெளியேறிவிடும். அந்தக் காலத்தில் பல வீடுகளில் இதே தவறு நடந்திருக்கிறது. கல்யாணத்துக்கு வந்த பெரியவர்கள் அடுத்த நாள் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தார்கள். “சின்ன மகள் கல்யாணத்துக்கு உள்ளேயும் கேக் இருக்கும், அது கேக்காகவே இருக்கும்” என்று அவள் முடிவெடுத்தது அன்றைக்குத்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தாய் ஒருத்தி அல்ல. அந்த ஆண்டுகளில் பிரிட்டனின் பல வீடுகளில் நடந்தவற்றை ஒரே சமையலறைக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அதனால் அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. அவளைச் சுற்றியிருக்கும் சட்டங்களும் அளவுகளும் ஆபத்துகளும் நிஜம்.

இப்போது 1944-க்கு வருவோம்.

சின்னவளுக்குக் கடற்படையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை. எப்போது விடுப்பு கிடைக்குமோ அப்போது கல்யாணம். நாள் தெரியாத கல்யாணத்துக்குத் தாய் ஒரு வருஷமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆளுக்கு வாரத்துக்குச் சர்க்கரை 8 அவுன்ஸ், அதாவது சுமார் 225 கிராம். வெண்ணெய் 2 அவுன்ஸ். மார்ஜரின் 4 அவுன்ஸ். முட்டை, கிடைத்தால், ஒன்று. உலர்திராட்சைக்குத் தனியாகப் புள்ளிக் கணக்கு. அதே புள்ளியில்தான் டின் மீனும் வாங்கியாக வேண்டும். வீட்டில் யாரும் டீக்குச் சர்க்கரை போடுவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். திராட்சை போதாத இடத்துக்கு, உலர்ந்த பிளம்ஸைப் பொடியாக நறுக்கி ஆறின டீயில் ஊற வைத்தாள். எதிர் வீட்டுக் கர்ப்பிணியிடம் பச்சை நிற ரேஷன் புத்தகம் இருந்தது. பச்சைப் புத்தகத்துக்குக் கூடுதல் முட்டை உண்டு. அவள் ஒரு நாள் ஒரே ஒரு முட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். வயிற்றுப் பிள்ளைக்கென்று அரசாங்கம் கொடுத்த முட்டை அது.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்தக் கதையை எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்தத் தாய் ஸ்பூன் ஸ்பூனாகச் சர்க்கரை சேர்க்கத் தொடங்கிய அதே 1943-இல், அதே அரசின் கீழ் இருந்த வங்காளத்தில் இருபதிலிருந்து முப்பது லட்சம் பேர் பஞ்சத்தில் செத்தார்கள். லண்டன் சமையலறையில் இருந்தது தட்டுப்பாடு. கல்கத்தா நடைபாதையில் இருந்தது பட்டினி. பிரிட்டனின் ரேஷன் முறை ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே அளவு கொடுத்தது என்று பாராட்டுவார்கள்; அது உண்மைதான். அந்த நியாயம் கடல் தாண்டி வரவில்லை என்பதும் உண்மை.

சமையலறைக்குத் திரும்புவோம்.

வசந்த காலத்தில் அவள் ஒரு வெள்ளோட்டக் கேக் போட்டாள். ஒரு முட்டையை வைத்துக்கொண்டு கல்யாணக் கேக் செய்ய முடியாது. அமெரிக்காவிலிருந்து 1942 முதல் வந்துகொண்டிருந்த முட்டைப் பொடியைத்தான் நம்ப வேண்டும். ஒரு பாக்கெட் பன்னிரண்டு முட்டைக்குச் சமம் என்பது கணக்கு. ஒரு மேசைக்கரண்டிப் பொடிக்கு இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர். அவள் அவசரத்தில் தண்ணீரை மொத்தமாக ஊற்றிவிட்டாள். பொடி கட்டிதட்டிப் போயிற்று. எவ்வளவு அடித்தும் கரையவில்லை. வெந்த கேக்கை வெட்டினால் உள்ளே மஞ்சள் மஞ்சளாகப் பொட்டுகள்.

இதை எழுதுவதற்காக நானும் முட்டைப் பொடி வாங்கிக் கரைத்துப் பார்த்தேன். முதலில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு விழுதாகக் குழைத்துக்கொண்டு, பிறகுதான் மிச்சத்தை விட வேண்டும். நம் வீட்டில் கேழ்வரகு மாவைக் கூழுக்குக் கரைக்கிற அதே பக்குவம். அப்படிக் கரைத்தாலும், புது முட்டையை அடிக்கும்போது நுரைத்து மேலே எழும்புமே, அந்த எழுச்சி வரவில்லை. கிண்ணத்தின் அடியிலேயே படுத்துக்கொண்டது. கேக்கைத் தூக்கி நிறுத்துவது அந்த நுரைக்குள் இருக்கும் காற்று. காற்றுக்குப் பதிலாக அவளிடம் இருந்தது ஒரு டப்பா பேக்கிங் பவுடர்.

அவளுடைய மாவும் பழைய மாவு இல்லை. 1942-இல் வெள்ளை மாவை நிறுத்திவிட்டு, கோதுமையில் 85 சதவீதத்தை அப்படியே அரைத்த சாம்பல் நிற மாவைக் கொண்டுவந்திருந்தார்கள். தவிடு கலந்த மாவு தண்ணீரைக் குடிக்கும், கேக்கைக் கனக்க வைக்கும். நிறத்துக்காக அவள் செய்த வேலை இன்னும் மோசமாகப் போயிற்று. கல்யாணக் கேக் கருகருவென்று இருக்க வேண்டும். வெல்லப்பாகுக்கு வழியில்லை. இறைச்சிக் குழம்புக்கு நிறம் சேர்க்கும் கருஞ்சாற்றைக் கலந்தாள். காலுறை கிடைக்காத பெண்கள், போட்டிருப்பதுபோலத் தெரியக் காலில் பூசிக்கொண்டார்களே, அதே சாறு. அதில் உப்பு இருக்கிறது என்பதை மறந்துவிட்டாள்.

அந்த உப்புக் கேக்கைத் தூக்கி எறியவும் முடியாது. உணவை வீணாக்குவது தண்டனைக்குரிய குற்றம். நான்கு நாள் வைத்து, பாலில் ஊற வைத்துத் தின்று தீர்த்தார்கள்.

ஜூன் 6 அன்று நேசநாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கின. ஒரு வாரம் கழித்து, ஜூன் 13 அன்று, ஆளில்லாமல் பறந்து வரும் ஜெர்மானியக் குண்டு ஒன்று முதல்முறையாக லண்டனில் விழுந்தது. விழுந்த இடம் ‘போ’ (Bow) பகுதியில் குரோவ் சாலை. அதன் பிறகு இரவு பகல் பார்க்காமல் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 850 கிலோ வெடிமருந்து.

ஜூன் கடைசி வாரத்தில் தந்தி வந்தது. மூன்று நாள் விடுப்பு. சனிக்கிழமை கல்யாணம்.

வியாழக்கிழமை காலை அவள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினாள். சாதாரண மேசை இல்லை அது. குண்டு விழுந்து வீடு சரிந்தால் பதுங்கிக்கொள்ள 1941-லிருந்து கொடுக்கப்பட்ட மாரிசன் கூண்டு. மேலே இரும்புத் தகடு, நான்கு பக்கமும் கம்பி வலை. பகலில் சமையல் மேசை, இரவில் அடியில் படுக்கை. அந்தத் தகட்டின் மேல் வைத்துத்தான் மார்ஜரினையும் சர்க்கரையையும் முக்கால் மணி நேரம் குழைத்தாள். முட்டைப் பொடியை இந்த முறை விழுதாக்கிக் கரைத்தாள். எதிர் வீட்டு முட்டையைக் கடைசியில் உடைத்து ஊற்றினாள். கருஞ்சாறு அரை ஸ்பூன், அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை.

பழக் கேக் மெதுவாக வேக வேண்டும், மூன்றரை மணி நேரம். இரண்டு மணி நேரம் கழித்து ஓவன் கதவை விரலளவு திறந்து பார்த்தாள். எழும்பியிருந்தது. நடு மட்டும் இன்னும் தளதளவென்று ஆடியது.

அப்போது அபாயச் சங்கு ஊதியது.

குண்டுவீச்சு வந்தால் கேஸை மூடிவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்த விதி. மூடினால் ஓவன் ஆறும். வேகாத நடு இறுகுவதற்குள் சூடு குறைந்தால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கிக் கேக் குழிந்துவிடும். ஒரு வருஷச் சர்க்கரை அது. மறுபடி செய்வதற்கு வீட்டில் எதுவும் இல்லை.

சைலன்ஸர் இல்லாத மோட்டார் சைக்கிள் மாதிரி, தூரத்தில் ஒரு கடகடப்பு. லண்டன்காரர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. தலைக்கு மேலே வந்து நின்றால்தான் பயம். எஞ்சின் நின்றால் குண்டு கீழே இறங்குகிறது என்று அர்த்தம். வெடிக்கும்வரை சில விநாடிகள் இருக்கும்.

சின்னவள் மேசைக்கு அடியில் நுழைந்துவிட்டாள். கம்பி வலைக்குள்ளிருந்து கையை நீட்டினாள்.

“அம்மா, வா! வா அம்மா!”

தாயின் கை கேஸ் திருகின் மேல் இருந்தது. ஓவன் கதவின் இடுக்கில் கேக் வாசனை வந்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர ஆரம்பித்தது. சத்தம் தெருமுனைக்கு வந்தது. கூரைக்கு மேலே வந்தது.

நின்றது.

(அடுத்த வாரம்)